ஃபாட்டர், முட்டர் சரி; புரூடர் மட்டும் ஏன்?

கேள்வி (பாதிராத்திரிப் படிப்பு):
ஜெர்மன் கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. தகப்பன் ஃபாட்டர், தாய் முட்டர், உடன்பிறந்தவன் புரூடர். நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டபோதுதான் கண்ணில் பட்டது: முதல் இரண்டிலும் 'ட்ட', மூன்றாவதில் ஒற்றை 'ட'. ஒரே குடும்பத்தில் ஏன் இந்த ஓரவஞ்சனை? வெட்டுவதைக் குறிக்கும் ஷ்னைடன் என்ற வினையும் இறந்தகால எச்சத்தில் கெஷ்னிட்டன் ஆகிவிடுகிறது. ஆசிரியரிடம் கேட்டால், "மனப்பாடம் செய்யுங்கள்" என்கிறார். எனக்கு அதுதான் வராது.

சும்மா வந்தவன்:
தற்செயல். ஆங்கிலத்தில் ஃபாதர், மதர், பிரதர் மூன்றிலும் ஒரே 'த' தானே. ஜெர்மன் குழப்பியிருக்கிறது.

வேர் தோண்டி:
குழப்பியது ஆங்கிலம், ஐயா. பழைய ஆங்கிலத்தில் தகப்பனும் தாயும் ஃபேடர், மோடர்; ப்ரோதரில் மட்டுமே 'த'. பிற்காலத்தில்தான் மூன்றும் ஒன்றாயின. ஜெர்மன் பழைய பிரிவினையைக் காப்பாற்றியிருக்கிறது. ஒலிகள் மட்டும் ஒரு படி நகர்ந்தன: 'த' ஒற்றை 'ட' ஆனது, ஒற்றை 'ட' 'ட்ட' ஆனது.

காரணத்தை ஜெர்மனுக்குத் தூரத்துச் சொந்தமான வேதமொழி, அதாவது வேதகால சமஸ்கிருதம், காட்டிக்கொடுக்கிறது. பிதர், மாதர் இரண்டிலும் உதாத்தம் (உயர்த்திச் சொல்லும் அழுத்தம்) கடைசி அசையில். ப்ராதரில் முதல் அசையில். 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் சொன்ன விதிப்படி மூன்றிலும் மூலமொழியின் பழைய தகரம் ஒரே மாதிரி உரசொலியாக (ஆங்கில 'திங்க்'கின் முதல் ஒலி போல) மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. டென்மார்க்கின் மொழியியலாளர் கார்ல் வெர்னர் தூக்கம் வரவழைக்க, ஜெர்மன் அறிஞர் ஃப்ரான்ஸ் பாப்பின் ஒப்பிலக்கணத்தைப் புரட்டியபோது இந்த அழுத்த வேறுபாடு கண்ணில் பட்டது என்பார்கள். (எனக்கு அந்த நூலால் தூக்கம் மட்டுமே வந்தது.) 1877இல் கட்டுரை அச்சேறியது. முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் உரசொலி அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் அதில் தொண்டை அதிர்வு ஏறும். 'கல்' ககரமும் 'பகல்' ககரமும் நம் வாயில் வேறுபடுவது போலத்தான். நமக்குச் சொல்லில் எழுத்து நிற்கும் இடம் முடிவு செய்கிறது, அவர்களுக்கு அழுத்தம் முடிவு செய்தது.

பிறகு ஜெர்மானிய மொழிகள் அழுத்தத்தை முதல் அசைக்கே மாற்றிக்கொண்டன. ரேகையைத் துடைத்துவிட்டுப் போன திருடன் மாதிரி.

உங்கள் ஷ்னைடனும் இதே கதைதான்: நிகழ்காலத்தில் அழுத்தம் வேரில், எச்சத்தில் விகுதியில். ஆங்கில 'வாஸ்', 'வேர்' ஜோடியும் அப்படியே. ஒருமையில் ஸகரம் நின்றது. பன்மையில் அதிர்வு ஏறி இஸட் ஒலியாகி, பின் ரகரமாயிற்று.

பாதிராத்திரிப் படிப்பு:
அப்படியானால் உறைவதற்கு ஃப்ரீரன், உறைபனிக்கு ஃப்ரோஸ்ட் என்பதும்?

வேர் தோண்டி:
பிடித்துவிட்டீர்கள். ஃப்ரோஸ்டில் டகரம் ஒட்டியிருந்ததால் ஸகரம் தப்பியது. வினையில் ஜெர்மன்காரர்கள் இறந்தகாலத்து ரகரத்தை நிகழ்காலத்துக்கும் இழுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் எதிர்ப்பக்கம் போய் ஃப்ரீஸ், ஃப்ரோசன் என்று சமன்செய்தார்கள். இரண்டு ஒலிகளும் இன்னும் நிற்கும் வடிவம் வேண்டுமானால் டச்சு அகராதியைத் திறந்து பாருங்கள்: வ்ரீசன், வ்ரோர், கெவ்ரோரன்.