.44 ஸ்பெஷல் வாட்கட்டர்: கடினமான ஈயம் போட்டும் குழலில் ஈயம் படிவது ஏன்?

ஓஹையோ வாசகன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். என்னிடம் உள்ள .44 மேக்னம் ரிவால்வரில், நானே நிரப்பிய .44 ஸ்பெஷல் தோட்டாக்களைக் கொண்டு 25 கஜத்தில் தாள் இலக்குகளை மட்டும் சுட்டு வருகிறேன். வேட்டைக்குப் போகும் எண்ணம் இல்லை. தாளில் ஓரம் கிழியாத வட்டத் துளை விழ வேண்டும் என்பதற்காகவே, மூக்கு முழுவதும் தட்டையான வாட்கட்டர் குண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன்.

விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய வார்ப்புக் குண்டுகள் பிரினெல் என்ற உலோகக் கடினத்தன்மை அளவில் 22 கொண்டவை, விட்டம் 0.429 அங்குலம். அவற்றைச் சுடத் தொடங்கியதிலிருந்து, சிலிண்டரை அடுத்துக் குழல் தொடங்கும் இடத்தில் ஈயம் தடிமனாகப் படிகிறது. குழலின் முனையோ சுத்தமாகவே இருக்கிறது. இதைவிடக் கடினமான கலவைக்கு மாற வேண்டுமா, அல்லது அடியில் செம்புத் தட்டு பொருத்திய குண்டுகளை வாங்க வேண்டுமா?

வார்ப்புப் பட்டறை

இரண்டும் வேண்டாம், நண்பரே. படிவு எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் பாதி விடை கிடைத்துவிட்டது. குண்டில் பூசிய மசகு போதாமல் போனால் ஈயம் பெரும்பாலும் குழலின் முனைப்பகுதியில்தான் தேங்கும். குழலின் தொடக்கத்திலேயே தேங்குகிறது என்றால், குண்டுக்கும் உலோகச் சுவருக்கும் இடையே சூடான வாயு பீறிட்டு, ஈயத்தை அரித்துக்கொண்டு போய் அங்கே பூசுகிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும்.

ரிவால்வரில் குண்டு நேராகக் குழலுக்குள் நுழைவதில்லை. முதலில் சிலிண்டர் அறையின் முன்பகுதியான த்ரோட் வழியாகச் சென்று, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டி, அதன் பிறகே குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களைப் பிடிக்கிறது. த்ரோட் 0.431 அங்குலமும் குண்டு 0.429 அங்குலமும் இருந்தால், மூடி சரியாகப் பொருந்தாத குக்கரில் நீராவி ஓரமாகச் சீறுவதுபோல வாயு வெளியேறிவிடும். மென்மையான ஈயமாக இருந்தால் பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் சற்று விரிந்து அந்த இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். உங்கள் குண்டு அவ்வாறு விரியாது.

கைக்கணக்கு ஒன்று இருக்கிறது: பிரினெல் எண்ணை ஏறத்தாழ 1,422ஆல் பெருக்கினால், அந்தக் கலவை நெகிழத் தொடங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்பது தோராயமாகத் தெரியும். உங்கள் 22க்கு அது 31,000ஐத் தாண்டுகிறது. .44 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்தரம் விதிக்கும் உச்ச அழுத்தமே 15,500தான். தாள் இலக்குக்கான மிதமான தோட்டா அதையும் எட்டாது. எனவே 11க்கு மேல் கடினத்தைத் தேடுவதில் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. கடினம் என்றால் தரம் என்ற நம்பிக்கை விற்பனை விளம்பரங்களால் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

ஆறு த்ரோட்டுகளையும் பின் கேஜ் (துல்லிய விட்டமுள்ள அளவுகம்பி) கொண்டு அளந்து எழுதுங்கள். ரிவால்வர் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலின் வழியே தட்டி எடுத்து, அதன் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள்.

பழைய சிலிண்டர்

மேலே சொன்னதற்கு வரலாற்றில் நல்ல சான்று இருக்கிறது. .44 மேக்னம் 1955இல் பிறப்பதற்கு வெகு முன்பே, அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் .44 ஸ்பெஷலைத் தரநிலைக்கும் மேலான அழுத்தத்தில் சுட்டுவந்தார் (அதை யாரும் பின்பற்ற வேண்டாம்). அவர் விரும்பிய கலவை 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். அதன் கடினம் ஏறத்தாழ 11தான். அவர் வடிவமைத்து, லைமன் நிறுவனத்தின் 429421 என்ற அச்சு எண்ணில் அறியப்படும் 250 கிரெய்ன் எடையுள்ள செமி வாட்கட்டரில் (முனை மட்டும் தட்டையாக, மூக்கு கூம்பிய குண்டு), த்ரோட்டுக்குள் குண்டை நடுவில் நிறுத்துவதற்கென்றே முன்பட்டை அகலமாக வைக்கப்பட்டது. கடினத்தைவிடப் பொருத்தத்தையே அவர் நம்பினார்.

உங்கள் ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேக்னம் தோட்டாவின் கூடு (மருந்தும் குண்டும் அடங்கும் உலோக உறை) ஸ்பெஷலைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீளமானது. ஆகவே ஸ்பெஷல் தோட்டாவிலிருந்து புறப்படும் குண்டு த்ரோட்டை அடையுமுன் அந்தத் தூரத்தைப் பிடிமானமில்லாமல் கடக்கிறது. வாட்கட்டரைக் கூட்டின் விளிம்புக்குச் சமமாக அமிழ்த்தினால் இந்தத் தாவல் இன்னும் கூடும்.

அமிழ்த்துவது பற்றி ஓர் எச்சரிக்கை. அதே எடையுள்ள செமி வாட்கட்டருக்கு வெளியிடப்பட்ட வெடிமருந்து அளவை முழு வாட்கட்டருக்குப் பயன்படுத்தக் கூடாது. குண்டு ஆழமாக இறங்கும்போது கூட்டின் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் ஏறும். அந்தக் குண்டுக்கே உரிய அளவைக் கையேட்டில் பார்த்து மட்டும் நிரப்புங்கள். மிதமான தோட்டாக்களில் மருந்து கூட்டின் அடியில் சிறிதளவே கிடப்பதால், இரண்டு முறை விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் நோக்குவது கட்டாயம்.

ஓஹையோ வாசகன்

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். ஆறு த்ரோட்டுகளும் 0.431 அங்குல அளவில் ஒத்திருக்கின்றன. குழலின் பள்ள விட்டம் 0.429. குழலுக்குச் சமமான குண்டு போதும் என்று எண்ணியிருந்தேன். இனி 0.431 விட்டத்தில், 10 முதல் 11 கடினத்தில் வாங்கலாமா?

வார்ப்புப் பட்டறை

வாங்கலாம். த்ரோட்டுகள் குழலைவிடச் சற்றே பெரிதாகவும் ஒரே அளவிலும் இருப்பது நல்ல அமைப்பு. மறுதலையாக இருந்திருந்தால், த்ரோட் குண்டை நெருக்கிச் சிறிதாக்கி அனுப்பும், அப்போது சிலிண்டரையே சீர்செய்ய வேண்டியிருக்கும். ஒரு தோட்டாவை மட்டும் மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாமல் தயாரித்து, அது எல்லா அறைகளிலும் தானாக விழுகிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் அந்த விட்டம் உங்கள் அறைக்குப் பெரிது. மசகு, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப்பொருளும் சம அளவில் கலந்த பழைய வகையே இந்த வேகத்துக்குத் தாராளமாகப் போதும்.

ஏரிக்கரை

புதிய குண்டுகளைச் சோதிக்குமுன் பழைய படிவை முழுவதும் நீக்கிவிடுங்கள். இல்லையேல் புதிய ஈயம் அதன்மேல் ஒட்டும், குற்றம் புதிய குண்டின்மேல் விழும். தேய்ந்த பிரஷ்ஷில் தூய செம்பு இழைகளைச் சுற்றித் தேய்த்தால் ஈயம் செதில் செதிலாக வரும். செம்பு முலாம் பூசிய எஃகு இழையைத் தவிர்க்க, வாங்கும்போதே காந்தத்தை வைத்துப் பாருங்கள். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து குழலில் ஊற்றும் குறுக்குவழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் நீரில் கரையும் ஈய அசிடேட் உண்டாகிறது. அது எளிதில் உடலுக்குள் சேரும் நஞ்சு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சுத்தம் செய்த துணிகளைத் தனிப் பையில் கட்டி, உள்ளூர் அபாயக் கழிவு மையத்தில் சேர்ப்பதே முறை.