'பண்புமகள்' சரிவருமா? ரோம வெள்ளிக்காசுகளின் பெர்சானிஃபிகேஷன்

அன்புள்ள ஐயா,

ஒரு பண்பையோ இடத்தையோ ஆளாக உருவகித்துக் காட்டும் 'பெர்சானிஃபிகேஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் சொன்னது:

> நாமகள், நிலமகள் போல 'பண்புமகள்' என்று வைத்துக்கொள்ளலாமே?

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. காசின் பின்பக்கத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். தராசு பிடித்த ஈக்விட்டாஸ் (நேர்மை), பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டும் சாலுஸ் (நலம்), பூமொட்டை ஏந்தி, உடையின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் ஸ்பெஸ் (நம்பிக்கை).

ஆனால் இது லத்தீன் இலக்கணம் செய்த வேலை. அங்கே பண்புப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து பிறந்த 'விர்ட்டூஸ்' (வீரம்) கூடப் பெண்பாற்சொல்தான். அதனால் வீரமும் தலைக்கவசம் போட்ட பெண். ஹோனோஸ் (மதிப்பு) ஆண்பால், ஆகவே ஆண்.

கி.மு. 70-ஐ ஒட்டி காசு அடித்த அதிகாரிகளான கலேனுஸ், கோர்டுஸ் பெயர்களோடு வந்த டெனாரியஸை (ரோம வெள்ளிக்காசை) பாருங்கள். விளிம்பு ரம்பப் பல்லாக வெட்டியிருக்கும். முன்பக்கம் ஹோனோஸ் தலையும் விர்ட்டூஸ் தலையும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசை பார்க்கின்றன. பின்பக்கம் இத்தாலியாவும் ரோமாவும் கைகோக்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த சமாதானம் என்று விளக்கம் சொல்வார்கள். சமாதானம் சரி, ரோமாவின் கால் மட்டும் உலக உருண்டைமேல்!

இந்த நால்வரில் 'பண்புமகள்' பொருந்துவது ஒருத்திக்குத்தான். ஹோனோஸ் மகள் இல்லை. மற்ற இருவரும் பண்பு இல்லை, இடம்.

நம் இலக்கணத்திலேயே வழி இருக்கிறது. ஆகுபெயரில் பெயர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆகிவருகிறது. இங்கே உருவம் ஆகிவருகிறது. ஆகவே 'ஆகுருவம்'. ('ஆகுரு' என்று சுருக்கிப் பார்த்தேன், யாரோ சாமியார் பெயர்போல ஒலிக்கிறது.) பண்பாகுபெயர், இடவாகுபெயர் போலவே வீரம் பண்பாகுருவம், ரோமா இடவாகுருவம். ஆண், பெண் சிக்கலும் இல்லை.

இறக்கை உள்ள ரோம வெற்றித் தெய்வம் விக்டோரியாவைக் 'கொற்றவை' என்று எழுதலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். பாலை நிலத்துத் தெய்வத்துக்கு இறக்கை முளைத்துவிடும்.

அப்புறம், கோவை வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைத்த, ரோமப் பேரரசன் டைபீரியஸின் வெள்ளிக்காசு. அதன் பின்பக்கம் கோலும் கிளையும் பிடித்து அமர்ந்திருப்பவளுக்குப் பெயர் பொறிக்கவில்லை. அமைதித் தெய்வம் பாக்ஸ் என்பார்கள், அரசனின் தாய் லிவியா என்பார்கள். அந்தக் காசின் படத்துக்குக் கீழே 'அமர்ந்த பெண்ணுருவம்' என்றே இருக்கட்டும்.