வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் ரேடியோ பேசுகிறது, வால்யூம் ஏற்றினால் தட்டு சிவக்கிறது

பாம்பன் தென்கரை:
அண்ணன்மாருக்கு வணக்கம். வால்வு ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஈஎல்84 இரண்டு, முன்னால் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, இரண்டு ஈஎல்84ம் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல், நானே கட்டியது. மூன்று மாதம் அருமையாகப் பாடியது. கச்சான் காற்றில் இன்புட் ஜாக் களிம்பு பிடித்துவிட்டது, புது ஜாக்கைப் பின்பக்கம் மாற்றி வைத்தேன், ஸ்பீக்கரையும் 12 மீட்டர் வயர் இழுத்துத் திண்ணைக்குக் கொண்டுபோனேன். அதிலிருந்து இரண்டு தொல்லை. ராத்திரி பாட்டை நிறுத்தினால் ஸ்பீக்கரில் மெல்லிசாக யாரோ செய்தி வாசிக்கிறார்கள், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் போகவில்லை. படகில் விஎச்எஃப் செட்டில் பேசும்போது பொத்தானை அழுத்த ஒரு 'டக்', விட ஒரு 'டக்'. இன்னொன்று, வால்யூம் முக்காலைத் தாண்டினால் சத்தம் கிழிகிறது, விளக்கை அணைத்துப் பார்த்தால் ஒரு ஈஎல்84க்குள் இருக்கும் உலோகத் தட்டு (பிளேட்) சிவந்து தெரிகிறது. ஸ்கோப் கிடையாது, மீட்டர் மட்டும்தான்.

கீழக்கரை வால்வு:
தம்பி, முதலில் அதை அணை. தட்டு சிவந்தபடி ஓட்டினால் வால்வு போகும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகலாம்.

இது இரண்டு வேறு நோய். செய்தி வெளியிலிருந்து வருவது, சிவப்பு உன் ஆம்ப் தானே சிக்னல் உண்டாக்கி ஊசலாடுவது (ஆசிலேஷன்). காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் ஊளை கேட்காது, கிழிசல்தான் கேட்கும். ஸ்கோப் இல்லாவிட்டால் பரவாயில்லை. இன்புட்டை ஷார்ட் செய்யாமல், எதையும் சொருகாமல் விட்டு, ஈஎல்84 கத்தோடு ரெசிஸ்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு வால்யூமை மெதுவாகத் திருப்பு. பாட்டே இல்லாதபோது வோல்ட் நகரக்கூடாது. நகர்ந்தால் ஊசல்தான். நகரவில்லை என்றால் ஈஎல்84 கிரிட்டில், அதாவது சிக்னல் நுழையும் காலில், டிசி வோல்ட் இருக்கிறதா பார், இருந்தால் முன் வால்விலிருந்து சிக்னலை மட்டும் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது. ஆம்ப் உள்ளே 300 வோல்ட் பக்கம் இருக்கும், ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டே அள. அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரை ரெசிஸ்டர் வழியாக இறக்காமல் உள்ளே கை விடாதே.

அப்புறம், கிரிட் ஸ்டாப்பர், அதாவது ஊசலைத் தடுக்க கிரிட்டுக்குத் தொடராக வைக்கும் ரெசிஸ்டர், போட்டிருக்கிறாயா?

பாம்பன் தென்கரை:
அளந்தேன் அண்ணே. வால்யூம் கீழே 10.5 வோல்ட், முக்காலில் 14க்குப் போகிறது. ஈஎல்84க்கு 1.5 கிலோ ஓம் போட்டிருக்கிறேன், சாக்கெட்டில் இல்லை, தள்ளியிருக்கும் டேக் போர்டில். 12ஏஎக்ஸ்7க்கு ஒன்றுமில்லை.

கீழக்கரை வால்வு:
டேக் போர்டில் இருந்து பயனில்லை. ரெசிஸ்டருக்கும் கிரிட்டுக்கும் நடுவில் கிடக்கிற நாலு அங்குல வயரே காயிலாகவும் ஏரியலாகவும் வேலை செய்யும். ரெசிஸ்டரின் உடம்பு சாக்கெட் காலை ஒட்டி நிற்கவேண்டும், காலில் சால்டர் வைத்தால் மிஞ்சும் கம்பி அரை அங்குலத்துக்குள். 12ஏஎக்ஸ்7க்கு 10 கிலோ போதும். அந்த வால்வின் மில்லர் கெபாசிட்டன்ஸ், அதாவது பெருக்கத்தால் கிரிட்டில் கூடித் தெரியும் கெபாசிட்டன்ஸ், சுமார் 100 பிகோ ஃபேரட், இரண்டும் சேர்ந்து 150 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வடிகட்டிவிடும், பாட்டுக்கு ஒரு குறையும் வராது. 68 கிலோ போட்டால் மேல் சுருதி மங்கும், இரைச்சலும் ஏறும். ஈஎல்84களின் இரண்டாவது கிரிட்டான ஸ்கிரீனுக்கும் தனித்தனியாக 100 ஓம் கொடு. முக்கியமாக, புது ஜாக்கிலிருந்து வரும் வயர் எந்த வழியாகப் போகிறது? அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரை உரசிக்கொண்டா? அப்படியென்றால் அவுட்புட் திரும்ப இன்புட்டுக்குள் புகுந்து ஊசலாகும்.

தொண்டி மைக்செட்:
வால்வு காலத்திலிருந்து குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன் சொல்கிறேன். வால்யூம் பூஜ்யத்திலும் செய்தி வருகிறது என்றால் அது ஜாக் வழியாக வரவில்லை, திண்ணை வயர் வழியாக வருகிறது. 12 மீட்டர் வயர் நல்ல ஏரியல். ஸ்பீக்கர் முனையிலிருந்து சிக்னலில் கொஞ்சத்தை முன்னால் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் அதை நேராக முதல் வால்வின் கத்தோடுக்குக் கொண்டுபோய்விடும், வால்யூமுக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பீக்கர் திருகைக் கழற்றிப் பார், பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பேறிய இணைப்பு டயோடு மாதிரி ரேடியோவைப் பிரித்துக் கொடுத்துவிடும். நம் கரையில் உப்புக்காற்று ஒரே பருவத்தில் அதைச் செய்துவிடும், ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். செம்பு பளபளக்கும்வரை சுரண்டி, ஈயம் பூசி, திருகு. ஆம்ப் ஸ்பீக்கர் முனைகளில் 10 ஓமும் 0.1 மைக்ரோ ஃபேரடும் தொடராக வை. சேஸிஸ் எர்த் வாஷரையும் விடாதே.

பாம்பன் தென்கரை:
இரண்டு பேரும் சொன்னது சரி. இன்புட் வயர் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிளேட் வயரோடு ஒரே கட்டில் கிடந்தது. ஷீல்டு வயர் போட்டு எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டேன், ஸ்டாப்பர்களைக் காலுக்கு மாற்றினேன். இப்போது வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் 10.5லேயே நிற்கிறது. திருகில் களிம்பு பொடியாகவே உதிர்ந்தது. நேற்று ராத்திரி செய்தி இல்லை. 'டக்' மட்டும் லேசாக இருக்கிறது.

தொண்டி மைக்செட்:
ஸ்பீக்கர் வயரை ஆம்ப் பக்கத்திலேயே ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்று. இரண்டு கம்பியும் சேர்ந்தே போகவேண்டும்.