மாரி தொடங்கினா நடையும் நிண்டு மனமும் சோருது, என்ன செய்யிறீங்க?

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் நாவற்குடாப் பக்கம். கச்சான் காலம் முழுக்க விடிய எழும்பிக் கடற்கரையால நடப்பன், பின்னேரங்களில பழைய கல்லடிப் பாலத்துக்கும் போய் வருவன். வாடை திரும்பினாச் சரி, எல்லாம் நிண்டுபோகும். றோட்டெல்லாம் தண்ணி, உடுப்புக் காயாது, எந்நேரமும் மூடாப்பு. வேலை முடிஞ்சு வந்து கதிரையில இருந்தா எழும்ப மனம் வராது. பிளேன்ரீயும் வாய்ப்பனும் மட்டும் ஒழுங்கா உள்ள போகும். தை பிறக்கிறதுக்குள்ள உடம்பு கனத்து, பிள்ளைகளோட சும்மா சும்மா எரிஞ்சு விழுறன். வயது 47, வலது முழங்காலில கொஞ்சம் நோ. ஜிம்முக்குக் கட்ட வசதியில்லை. ஒரு ஹோலும் சின்ன விறாந்தையும்தான் இரிக்கு. மாரியில நீங்க எப்பிடி உடம்பை அசைய வைக்கிறீங்க?

பீ.ரீ. மாஸ்டர், களுவாஞ்சிகுடி:
தங்கச்சி, விடிய அஞ்சரைக்கு நடை எண்ட கணக்கை மாரி முடியுமட்டும் விடுங்க. எங்கட பக்கம் அடைமழை நாளிலயும் அனேகமா நடுவில ஒருக்கா வெளிக்கும். அந்த நேரம் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கவேணும், பத்து நிமிசமெண்டாலும் சரி. கிழமைக்கு 150 நிமிசமாவது மிதமான அசைவு வேணுமெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முந்தி ஒரே மூச்சில பத்து நிமிசம் செய்தாத்தான் சேத்தி எண்டிருந்தது. 2020இல வந்த வழிகாட்டலில அதை எடுத்திட்டாங்க. சந்திக்கடைக்குப் போய் வாறதும் சேரும்.

இறங்கச் சொல்றதுக்கு வெளிச்சமும் ஒரு காரணம். மப்பும் மந்தாரமுமான பகலிலயும் வெளிய வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் கணக்கில ஆயிரக்கணக்கில இரிக்கும். வீட்டுக்குள்ள லைட்டைப் போட்டாலும் சில நூறுதான். விடியப்புறம் கண்ணில படுற வெளிச்சம்தான் உடம்பை எழுப்பி விடுறது. மழை விடாட்டி விறாந்தையிலயாவது நில்லுங்க.

முழங்காலுக்குக் கதிரைதான் மருந்து. ஆட்டமில்லாத மரக்கதிரை ஒண்டைச் சுவரோட சாத்துங்க. கையை நெஞ்சில கட்டிக்கொண்டு மெதுவா எழும்பி, அதைவிட மெதுவா இருங்க. தொப்பெண்டு விழுந்து இருக்கக்கூடாது, இறங்கிற நேரம்தான் தொடைச் சதைக்கு வேலை. முழங்கால் உள்ளுக்குச் சாயாமப் பாதத்துக்கு நேரே நிக்கட்டும். நோ கூடினாத் தலகாணி ஒண்டைப் போட்டு இருக்கையை உயத்துங்க. தொடை பலப்பட்டாத்தான் முழங்கால் பாரத்தைத் தாங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அவங்கட அம்மம்மாமாருக்கும் இதைத்தான் நான் சொல்லிக் குடுக்கிறது.

மறுகா கும்மி. கண்ணகி அம்மன் சடங்குக்கு மட்டுமெண்டு ஏன் வைச்சிரிக்கிறம்? மகளையும் கூப்பிட்டு ஹோலில சுத்தி ஆடுங்க. கதைக்க ஏலும், பாட ஏலாது எண்ட அளவுக்கு மூச்சு வாங்கினா அதுதான் மிதமான பயிற்சி. பாட்டை ஃபோனில போட்டிடுங்க.

வயற்காரன், திருக்கோவில்:
அக்கா, மாரிதான் எங்களுக்கு வேலைக்காலம். முன்மாரி விதைச்சாப் பிறகு வரம்பில தண்ணி விடுற வக்கடை பாக்க, புல்லுப் பிடுங்க எண்டு உடம்பு சும்மா கிடவாது. வயல் வெள்ளத்தில தாண்டு வீட்டில முடங்கிற நாளிலதான் எனக்கும் மனம் கறுக்கும். அப்ப தேங்காய் உரிப்பன், விறகு கொத்துவன். உடம்பு வேர்த்தா நித்திரையும் வரும்.

நடக்கப் போறவங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். காலில புண், கீறல் இரிந்தா தேங்கின தண்ணிக்குள்ள இறங்கவே வேணாம், எலிக்காய்ச்சல் அப்பிடித்தான் தொத்துறது. வயலுக்கு இறங்கிற எங்களுக்குப் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாமார் அது வராமலிருக்க முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் எண்ட குளிசை குடுப்பாங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் நொந்து கண்ணும் சிவந்தா வீட்டில பாத்துக்கொண்டிருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெள்ள நேரம் வாவிக்கரையிலயும் நடக்காதீங்க, முதலை கரைக்கு வரும்.

ஆரையம்பதிப் பிள்ளை, ரொறன்ரோ:
அக்கா, இங்க மார்கழியில பகல் ஒன்பது மணித்தியாலந்தான். இருட்டில வேலைக்குப் போய் இருட்டிலதான் வாறது. குளிர்கால மனச்சோர்வு எண்டு 1984இல நோர்மன் ரோசன்தால் எண்ட மனநல வைத்தியர் ஆக்கள் விவரிச்சது இந்த மாதிரி ஊருகளில வாறதைத்தான். இங்க சிலர் டொக்டரிட்டக் கேட்டு 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால விடிய அரை மணித்தியாலம் இருப்பாங்க. மட்டக்களப்பில ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. ஆனபடியா விளக்குக்குக் காசைக் கொட்டாதீங்க, மாஸ்டர் சொன்ன மாதிரி வெளிய நிண்டாக் காணும்.

நானும் அம்மாவும் ஃபோனில கதைச்சுக்கொண்டு நடப்பம். அவவுக்கு விடியக்காலை ஆறு மணி, எனக்கு முதல்நாள் இரவு ஏழரை. அவ விறாந்தையில அங்கால இங்கால, நான் அடுக்குமாடி நடையில. மழையோ பனியோ, ரெண்டு பேரும் இருந்து கதைக்கிறேல்ல. உங்களுக்கும் அப்பிடி ஒராள் கிடைச்சா விட்டிடாதீங்க.

வார்ட் நேர்ஸ், அக்கரைப்பற்று:
சோதரி, அசைவு மனச்சோர்வைக் குறைக்கும் எண்டது ஆராய்ச்சிகளில திரும்பத் திரும்பக் கண்டது, அதில சந்தேகமில்லை. ஆனா சோர்வை மழையில மட்டும் போட்டிடாதீங்க. உங்கட வயசில இரத்தச்சோகையும் தைரொயிட் குறையிறதும் இதே மாதிரித்தான் இருக்கும். ரெண்டுக்கும் இரத்தம் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை, பசி கெட்டு, ஒண்டிலயும் விருப்பமில்லாம இருந்தா ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்க. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு அடிச்சாலும் கதைக்க ஆள் இருக்கு.

கல்லடிக்காரி:
எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். இரத்தம் இந்தக் கிழமையே குடுக்கிறன். மாஸ்டர், கும்மிக்குக் குனிஞ்சு நிமிர முழங்கால் தாங்குமா?

பீ.ரீ. மாஸ்டர், களுவாஞ்சிகுடி:
தாங்கும் தங்கச்சி. இடுப்பால குனியுங்க, முழங்காலைக் கனக்க மடக்கவேணாம். நிண்ட இடத்தில சட்டெண்டு திருகாம, காலை எடுத்து வைச்சுத் திரும்புங்க. ஹோலில சீமெந்து நிலம் ஈரமா இல்லாமப் பாருங்க, மாரியில நிலமே வேர்க்கும். வெறுங்காலோட ஆடுங்க, மேசோட வேணாம்.