டீ ஹவுஸ் அறை ஏன் அவ்வளவு மலிவு?

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (4,130 மீட்டர்) போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வழியில் டீ ஹவுஸ் எனப்படும், மலைப்பாதையில் நடப்பவர்கள் தங்கும் சிறு விடுதிகளில் அறைகள் சில நூறு நேபாள ரூபாய்க்கே கிடைக்கும். நம் 100 ரூபாய் அங்கே 160 என்பதால் இன்னும் மலிவாகத் தெரியும். ஆனால் அந்த வாடகையில் விடுதி நடத்துகிறவர்களுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. தங்குகிறவர்கள் இரவுச் சாப்பாட்டையும் காலைப் பலகாரத்தையும் அங்கேயே சாப்பிடுவார்கள் என்று நம்பி வைத்த விலை அது.

அந்த வழியில் உள்ள சோம்ரோங் கிராமம் தாண்டி ஒரு விடுதியில் நம் ஊர்ப் பையன்கள் சிலர் அறை எடுத்தார்கள். பையிலிருந்து நூடுல்ஸைப் பிரித்து, வெந்நீர் மட்டும் கேட்டார்கள், அதையும் சும்மா. விடுதி நடத்திய, அந்த மலைப்பகுதியின் குருங் இனத்து அக்கா முகம் சுளிக்காமல் கொடுத்தார். பிறகு என்னிடம் இந்தியில் சொன்னார்: "இந்த சிலிண்டர் ஆள் முதுகில் வருது தம்பி. வசந்தத்தில் கொஞ்ச நாள், மழை விட்டதும் கொஞ்ச நாள், அவ்வளவுதான் சீசன். வருஷத்துக்கும் அதை வச்சுத்தான் ஓட்டணும்."

மேலே போகப் போக தால் பாத் (பருப்பும் சோறும்) விலை ஏறுவதைப் பார்த்துப் பலர் கொள்ளை என்கிறார்கள். அது அநியாயமான பேச்சு. அரிசி தூக்கி வந்தவரின் கூலியும் அந்தத் தட்டில் இருக்கிறது. அதிலும் தால் பாத்தை வயிறு நிறையும்வரை மறுபடி மறுபடி போடுவார்கள். அன்னபூர்ணா பகுதிக்குள் போக வாங்கும் அனுமதிச் சீட்டிலேயே நமக்குச் சலுகை உண்டு: இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. இதற்கு மேலும் பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

— மதுரையிலிருந்து

அண்ணா, இதைப் படித்ததும் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் நினைவுக்கு வந்தது. ராணுவ சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் பல வருடங்களாக வந்து வாரக்கணக்கில் தங்குகிற ஊர். நான் தங்கின வீட்டு அம்மா ஷக்‌ஷூகா என்ற தக்காளி முட்டைப் பதார்த்தத்தை அருமையாகச் செய்வார், வந்து தங்கின பெண்ணிடம் கற்றதாம்.

"சிக்கனமாத்தான் இருப்பாங்க பாப்பா. ஆனா பாலு, முட்டை, காய் எல்லாம் இங்கனயே வாங்குவாங்க. சனி ஞாயிறு கார்ல வர்றவுக சோத்தையும் கீழேருந்தே கட்டிட்டு வந்துர்றாக. டால்பின்ஸ் நோஸ் பாறைக்குப் போற பாதை பூரா பாட்டிலு" என்றார்.

அதே வீட்டில் இன்னொன்றும் பார்த்தேன். நல்ல அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, பிளஸ் டூ படிக்கிற மகள் சமையற்கட்டில் பாய் விரித்துப் படிக்கிறாள். அதற்குப் பிறகு வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பரில் போனால் சோம்ரோங்குக்கு மேலே டீ ஹவுஸ்கள் திறந்திருக்குமா அண்ணா? அம்மாவையும் அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். நாங்கள் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுவோம்.

— திண்டுக்கல்லிலிருந்து