ஈயம்-186: ஒரே அணுக்கருவுக்கு மூன்று வடிவமா?

அரைவேக்காடு:
மாய எண் (புரோட்டானோ நியூட்ரானோ ஒரு கூட்டை, அதாவது ஆற்றல் அடுக்கை, முழுதாக நிரப்பும் எண்ணிக்கை) இருந்தால் அணுக்கரு உருண்டையாக இருக்கும் என்றுதானே படித்தோம்? ஈயத்தில் புரோட்டான் 82, மாய எண்ணேதான். ஆனால் ஈயம்-186க்கு உருண்டை, தட்டை, நீளம் என மூன்று வடிவமும் உண்டு என்கிறார்கள். ஒரே அணுக்கரு உருமாறிக்கொண்டே இருக்குமா, இல்லை சிலது உருண்டை, சிலது தட்டை என்று கலந்து கிடக்குமா?

கூடுவிட்டுக்கூடு:
இரண்டும் இல்லை. சும்மா விட்டால் எல்லாம் தாழ்நிலையில் (ஆற்றல் மிகக் குறைந்த நிலையில்) உருண்டைதான். தட்டையும் நீளமும் அதற்கு மேலே இருக்கும் வேறு இரண்டு நிலைகள்; அந்த இரண்டு நிலைகளின் ஆற்றல் சுமார் 530, 650 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இது ரொம்பச் சின்ன இடைவெளி. ஆக்சிஜன்-16இல் உருக்குலைந்த (உருண்டை வடிவம் கெட்ட) நிலைக்கு ஏறவே 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்.

ஏன் இவ்வளவு மலிவு என்றால், ஒரு புரோட்டான் ஜோடியை 82ஐத் தாண்டி அடுத்த கூட்டுக்குத் தூக்கச் செலவு அதிகம்தான், ஆனால் தூக்கிவிட்டால் மேலே போன இரண்டும் கீழே விழுந்த இரண்டு காலியிடமும் நியூட்ரான்களோடு சேர்ந்து அணுக்கருவை இழுத்து உருக்குலைக்கின்றன, அதில் கிடைக்கும் ஆற்றல் போட்ட முதலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. இங்கே நியூட்ரான் 104, அதாவது 82க்கும் 126க்கும் நட்டநடு, வரவு உச்சத்தில் இருக்கும் இடம். ஈயம்-208இல் நியூட்ரானும் 126 என்று மூடிக்கிடப்பதால் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. தட்டைக்கு ஒரு ஜோடி, நீளத்துக்கு இரண்டு ஜோடி தூக்கப்படுகிறது என்பது வழக்கமான விளக்கம்.

காமாக்கண்ணன்:
மேலே சொன்னது சரி, ஆனால் மூன்றும் தனித்தனிப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள், நிலைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும்.

பக்கத்து வீட்டுப் பாதரசத்தைப் பாருங்கள், எனக்கு ஈயத்தைவிட அதுதான் பிடிக்கும். 1972இல் செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே என்ற ஆய்வுக்கூடத்தில் அணு உறிஞ்சும் ஒளியின் நுண்ணிய நகர்வை வைத்து அளந்தபோது, பாதரசம்-187இலிருந்து 185க்கு இரண்டு நியூட்ரான் குறைந்ததும் ஆரம் சுருங்காமல் எகிறியது! 184, 186 இரண்டும் ஒழுங்காகச் சிறிதாகவே இருக்கின்றன. பாதரசம்-185இல் தாழ்நிலையே உருக்குலைந்துவிட்டது.

அரைவேக்காடு:
சரி, புரிகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் ஒன்று: மூன்றுமே தற்சுழற்சி 0 நிலைகள், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. பிறகு தட்டை, நீளம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கூடுவிட்டுக்கூடு:
நல்ல பிடி. அது உள்வடிவம், எல்லாத் திசையிலும் சமமாகத் திரும்பி நிற்பதால் வெளியே தெரியாது. ஆனால் உருக்குலைந்தது சுழலும், உருண்டை சுழலாது. அந்த நிலைக்கு மேலே தற்சுழற்சி 2, 4, 6 என்று சுழற்சிப் படிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் மாட்டிக்கொள்ளும். 0இலிருந்து 0க்கு இறங்கும்போது ஒற்றைக் காமாக் கதிர் வரவே முடியாது, அதனால் அணுவின் எலக்ட்ரான் ஒன்றை வெளியே தள்ளிவிடும். ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் பொலோனியம்-190இன் ஆல்ஃபா சிதைவோடு கூடவே வந்த அந்த எலக்ட்ரான்களைப் பிடித்துத்தான் ஈயம்-186இன் மூன்றையும் அடையாளம் கண்டார்கள், 2000இல் வெளியானது.