எட்சிங்கில் முதியவரின் முகம்: கன்னக் கோடுகள் ஏன் கறுத்துவிடுகின்றன?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை)

எட்சிங் முறையில், அம்மம்மாவின் முகத்தை மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, செம்பை அரிக்கும் பெரிக்குளோரைட்டுக் கரைசலில் அரை மணித்தியாலம் வைத்து அச்செடுத்தேன். மிக மெல்லிதாக இழுத்த கன்னச் சுருக்கங்கள்கூடக் கொண்டைக் கோடுகளைப் போலவே கறுப்பாக விழுந்துவிட்டதால், அவருடைய சிரிப்பே கடுகடுப்பாகத் தெரிகிறது. வலது மூக்கில் இருக்கும் மூக்குத்தியும் இடப்பக்கம் மாறிவிட்டது. ஊசியை இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டுமா? இந்தத் தகட்டைக் காப்பாற்ற இயலுமா?

மறுமொழி 1

ஊசியின் அழுத்தம் காரணமன்று. ஊசி மெழுகுப் பூச்சை நீக்குகிறது. செம்பைத் தோண்டி, மை தங்கும் பள்ளத்தை உண்டாக்குவது கரைசலே. ஆகவே ஒரு கோட்டின் கருமை பெரும்பாலும் அது கரைசலில் கிடந்த நேரத்தைப் பொறுத்தது. அடுத்த முறை முழுத் தகட்டையும் சிறிது நேரம் மட்டும் அமிழ்த்தி எடுத்து, கழுவி உலர்த்தி, கன்னத்தையும் உதட்டோரத்தையும் கரைசல் படாதபடி வார்னிஷால் அடைத்துவிட்டு மீண்டும் அமிழ்த்துங்கள். கண்மணியும் கூந்தலும் கடைசிவரை திறந்திருக்கட்டும். வெப்பத்தில் கரைசல் விரைவாக வேலை செய்யும் என்பதால், நம் ஊர் வெயிலில் காலையில் பார்த்த நேரக்கணக்கு நண்பகலுக்குப் பொருந்தாது. ஒரு துண்டுச் செம்பில் 5, 10, 20 நிமிடங்கள் என அதே வேளையில் சோதித்துப் பாருங்கள். கையுறை அவசியம்.

கண்ணுக்குக் கீழுள்ள மென்மையான தசைக்குக் கோடுகளைவிட ஊசி நுனியால் இட்ட புள்ளிகளே ஏற்றவை. ஓவியர் வான் டைக் 1630களில் செய்த உருவப்பட எட்சிங்குகளில் முகத்தைப் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் நிரப்பி, சிலவற்றில் உடையை வெறும் கோட்டுருவாகவே விட்டிருப்பதைப் பாருங்கள். பார்வை நேரே முகத்துக்குச் செல்கிறது. எனக்கு அதைவிடச் சிறந்த பாடம் தெரியாது.

மறுமொழி 2

இந்தத் தகட்டை வீசிவிடாதீர்கள். கறுத்த சுருக்கங்களைச் சுரண்டியால் மெல்லச் சீவி, வழுவழுப்பான உருக்குக் கருவியால் எண்ணெய் இட்டுத் தேய்த்தால் பள்ளம் ஆழம் குறைந்து, மை குறைவாகப் பிடிக்கும். டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தி, இடையிடையே அச்செடுத்துப் பார்த்தவர்தான்.

தகட்டில் உள்ளது அச்சில் கண்ணாடியில் போல இடவலம் மாறியே விழும் என்பதால், மூக்குத்தியின் இடமாற்றத்தை இதில் சரிசெய்ய முடியாது. புதிய தகட்டில், ஊடுதெரியும் தாளில் வரைந்த முகத்தைக் குப்புறப் புரட்டிப் படியெடுத்துக்கொள்ளுங்கள். மூக்குத்திக் கல்லை வரையவே வேண்டாம். சுற்றிலும் நெருக்கமாக வரைந்து அந்த ஒரு புள்ளியைத் தொடாமல் விட்டால், காகிதத்தின் வெண்மையே கல்லாக மின்னும்.